சமையற்கட்டும் கடிதமும்: ரமணாசிரமத்துப் பெண்கள் விட்டுச் சென்ற நினைவுகள்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குள் போனால் புத்தகக் கடையையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். பெரும்பாலும் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகத்தை வாங்குவார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் 1935 முதல் 1939 வரை முனகால வேங்கடராமையா எழுதி வைத்த உரையாடல் தொகுப்பை எடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனவர்கள் தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பைத் தேடுவார்கள். இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் படித்த ஆண்கள், எழுதி வைத்தவர்களும் படித்த ஆண்கள். 'நான் யார்?' கேள்விகளை 1901-02 வாக்கில் கேட்டுப் பதில் வாங்கிய சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். தேவராஜ முதலியார் சித்தூர் வக்கீல்.

அதே கடையில், அதே அலமாரியில், வேறு ஒரு வரிசையும் இருக்கு. பெண்கள் எழுதியவை, பெண்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியவை. கடிதம், நினைவுக் குறிப்பு, கட்டுரை, தன்வரலாறு என்று பல வடிவம். அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பக்திப் பதிவும் இல்லை, பக்தியைக் கேள்வி கேட்கும் பதிவும் இல்லை. எனக்கு இதில் இருக்கும் ஆர்வம் வேறு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஒரு சின்னக் கோயில் ஊரில், ஒரே இடத்தைச் சுற்றி வாழ்ந்த பெண்கள் ஏழெட்டுப் பேரைப் பற்றி நமக்கு விவரமாகத் தெரிகிறது. அவர்களில் பலர் விதவைகள். அந்தக் காலத்து விதவையின் அன்றாடம் பொதுவாகக் கதைகளில்தான் வரும், அவர்கள் வாயிலிருந்தே வந்தது குறைவு. இங்கே அது இருக்கிறது. எப்படி வந்தது, அதை எப்படிப் படிக்கணும் என்பதுதான் கேள்வி.

யார் யார்?

எல்லோரையும் ஒரு தடவை வரிசைப்படுத்திக்கொள்வோம். பின்னால் குழப்பம் வராது.

எச்சம்மாள்: இயற்பெயர் லட்சுமி அம்மாள், மண்டகொளத்தூர்க்காரர். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து, அந்தத் துக்கம் தாங்காமல் திருவண்ணாமலைக்கு வந்தவர். ரமணர் அப்போது மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். அன்றிலிருந்து 1945 இறுதியில் சாகும் வரை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார்.

முதலியார் பாட்டி: பெயர் அலங்காரத்தம்மாள். காரைக்காலிலிருந்து மகன், மருமகளோடு வந்து இங்கேயே தங்கி, இவரும் தினமும் சாப்பாடு கொண்டுவந்தார்.

சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், வாரணாசி சுப்புலட்சுமி அம்மாள்: இவர்கள் அடுத்த தலைமுறை. 1922இல் ரமணரின் தாயார் அழகம்மாள் இறந்து, அவர் சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்த பிறகு அதன் சமையற்கட்டில் வேலை செய்தவர்கள். சாந்தம்மாள் ராமநாதபுரத்திலிருந்து 1920களின் கடைசியில் வந்தார். சம்பூர்ணம்மாள் கணவர் இறந்தபின் 1930களில் வந்தார். சுப்புலட்சுமி அம்மாள் தெலுங்குக்காரர்.

சூரி நாகம்மா: 1902இல் பிறந்தவர், ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம். 1941இல் முதல் முறை வந்தார். இந்த வரிசையில் எழுத்தாளர் என்ற சொல்லுக்கு முதல் உரிமை இவருக்குத்தான்.

பெரோசா தலையார்கான்: பார்சிப் பெண்மணி. வசதியும் பெரிய இடத்துத் தொடர்பும் உள்ளவர். பெரிய கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கும் பாதாள லிங்கம் சன்னதி சிதிலமாகிக் கிடந்தபோது அதைப் புதுப்பிக்க முயற்சி எடுத்தவர் இவர்தான். 1949இல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி வந்து திறந்து வைத்தார். பின்னாளில் ஆங்கிலத்தில் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார்.

டி. ஆர். கனகம்மாள்: 1940களில் இளம்பெண்ணாக வந்தவர். ரமணரின் தமிழ்ப் பாடல்களுக்கு உரை எழுதும் அளவுக்குப் புலமை உள்ளவர். 'நினைவில் நிறைந்தவை' என்று தமிழிலேயே நினைவு நூல் எழுதினார்.

இவர்கள் யாரும் சங்கம் வைக்கவில்லை. தலைவி, செயலாளர், மாதக் கூட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு இலக்கிய வட்டம் செய்கிற வேலைகளில் சில இங்கே தானாகவே நடந்தன. ஒருவர் எழுதியது மற்றவர்கள் முன்னால் வாசிக்கப்பட்டது. ஒருவர் கதை இன்னொருவர் எழுத்தில் வந்தது. எச்சம்மாளையும் கீரைப்பாட்டியையும் முதலியார் பாட்டியையும் பற்றி நமக்கு இன்று தெரிவதில் கணிசமான பகுதி இப்படி வந்ததுதான்.

இருட்டினால் வெளியே

இந்தப் பெண்களின் எழுத்தைப் புரிந்துகொள்ள ஒரு நடைமுறை விதியைத் தெரிந்துகொள்ளணும். ஆசிரமத்துக்குள் பெண்கள் இரவில் தங்கக் கூடாது. இருட்டும் நேரத்தில் கிளம்பிவிட வேண்டும். விடியற்காலையில் வந்து, நாள் முழுக்க அரைத்து, நறுக்கி, சமைத்து, பரிமாறிய பெண்களும் பொழுது சாய்ந்தால் ஊருக்குள்ளோ ஆசிரமத்துக்கு எதிரே இருந்த குடியிருப்புகளுக்கோ திரும்பிப் போகணும். இப்போது செங்கம் சாலை ராத்திரி பத்து மணிக்கும் ஆட்டோவும் டீக்கடையுமாக இருக்கிறது. எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் அங்கே தெருவிளக்கு கிடையாது, ஆள் நடமாட்டமும் குறைவு. சமையற்கட்டுப் பெண்களின் நினைவுகளில் அந்த இருட்டுப் பாதையும் பயமும் வருவது இதனால்தான். ஆண்களின் உரையாடல் தொகுப்புகளில் அந்தப் பாதைக்கு இடமே இல்லை. அவர்கள் அங்கே நடக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த விதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. இரவில் வெளியே இருந்த பெண், பகலில் பார்த்ததையும் கேட்டதையும் மனதில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள். தனியாக ஒரு வீடு, விளக்கு, நேரம். எழுதத் தெரிந்திருந்தால் எழுதலாம். நாகம்மா எழுதினார்.

சகோதரனுக்கு ஒரு கடிதம்

நாகம்மா சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். பத்து வயது தாண்டியதும் கல்யாணம் செய்து வைத்தார்கள், வெகு சீக்கிரமே கணவரும் இறந்துபோனார். பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது 1929இல். இவர் கல்யாணம் அதற்குப் பதினைந்து வருடத்துக்கும் முன்னால். முறையான பள்ளிப் படிப்பு இல்லை. வீட்டில் இருந்த தெலுங்குப் புராணங்களையும் பாகவதத்தையும் வைத்துத் தானாகவே படித்து, கவிதை கட்டும் அளவுக்குத் தேறியவர்.

இவருடைய சகோதரர் டி. எஸ். சாஸ்திரி வங்கி அதிகாரி, வெளியூரில் இருந்தவர். ஆசிரமத்தில் நடப்பதை அவ்வப்போது எழுதி அனுப்பும்படி அவர்தான் கேட்டார். என்னால் முடியுமா என்ற தயக்கத்தோடுதான் 1945 நவம்பர் 21 அன்று முதல் கடிதத்தை நாகம்மா எழுதினார். 1950 வரை போன அந்தக் கடிதங்கள் 270க்கும் மேல்.

அந்த முதல் கடிதத்தின் விஷயம் நம்ம ஊர்க்காரர்களுக்கு உடனே பிடிபடும். கார்த்திகை தீபம் முடிந்த இரண்டாம் நாள் அருணாசலேஸ்வரர் கிரிவலம் வருவார், இல்லையா? அந்த ஊர்வலம் ஆசிரம வாசலுக்கு வருகிறது. தேங்காய், கற்பூரம் எல்லாம் ஆகி, பிரசாத விபூதி ரமணரிடம் வருகிறது. வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, அப்பனுக்குப் பிள்ளை கட்டுப்பட்டவன் என்ற பொருளில் மெல்ல ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான் சம்பவம். கேள்வியும் இல்லை, வேதாந்த விவாதமும் இல்லை. உரையாடலைப் பதிவு செய்ய உட்கார்ந்த ஒருவர் பேனாவை மூடி வைத்திருக்கும் நேரம் அது. நாகம்மாவுக்கோ எழுத வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

இங்கே கடிதம் என்ற வடிவத்தைக் கவனிக்கணும். 1945இல் ஒரு விதவைப் பெண் 'நான் ஒரு நூல் எழுதப் போகிறேன்' என்று உட்கார்ந்திருந்தால் உனக்கு என்ன தகுதி என்று கேட்டிருப்பார்கள். அவளே தன்னைக் கேட்டிருப்பாள். கூடப் பிறந்தவனுக்குக் கடிதம் எழுத எந்தத் தகுதியும் வேண்டாம். கடிதத்தில் வேதாந்தமும் எழுதலாம், இன்றைக்குக் குரங்கு என்ன செய்தது என்றும் எழுதலாம். பாதியில் நிறுத்தலாம், அடுத்த வாரம் தொடரலாம். நாகம்மாவின் கடிதங்களில் மயில், அணில், பசு லட்சுமி எல்லாம் வருவதற்கும், அதே மூச்சில் உபநிடத விளக்கம் வருவதற்கும் இந்த வடிவம்தான் இடம் கொடுத்தது.

இந்தக் கடிதங்களில் சில ஆசிரம ஹாலில் ரமணர் முன்னாலேயே வாசிக்கப்பட்டன. இது சாதாரண விஷயம் இல்லீங்க. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே உட்கார்ந்து கேட்கிறார். சுற்றி இருக்கிறவர்களும் அந்தச் சம்பவங்களைப் பார்த்தவர்கள். தப்பு இருந்தால் சொல்லலாம், விட்டுப்போனதை நினைவுபடுத்தலாம். எழுதிய சூட்டோடு இப்படி ஒரு சபையில் வாசிக்கப்படும் வாய்ப்பு நினைவுக் குறிப்புகளுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

ஒரே ஹால், இரண்டு பதிவு

என் தொழில் மென்பொருள். ஒரே சர்வரில் நடந்ததை இரண்டு வேறு புரோகிராம்கள் லாக் செய்திருந்தால், இரண்டையும் நேரப்படி பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். எது எதைப் பதிவு செய்யும்படி எழுதப்பட்டது என்பதும் அப்போதுதான் தெரியும்.

ரமணாசிரமத்தில் அப்படி ஒரு காலகட்டம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பு 1945 மார்ச்சில் தொடங்கி 1947 ஜனவரி தொடக்கத்தில் முடிகிறது. நாகம்மாவின் கடிதங்கள் 1945 நவம்பரில் தொடங்குகின்றன. ஆக, பதின்மூன்று மாதத்துக்கும் கொஞ்சம் மேலே ஒரே ஹாலில், ஒரே மனிதர் முன்னால், இரண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆண்கள் பக்கம், மற்றவர் பெண்கள் பக்கம். ஒருவர் ஆங்கிலத்தில், மற்றவர் தெலுங்கில்.

முதலியாரின் பதிவு வக்கீலின் பதிவு. யார் கேட்டார், என்ன கேட்டார், பதில் என்ன, எந்த நூலை எடுத்துக் காட்டினார், எந்தப் பாட்டு வாசிக்கப்பட்டது என்று தேதிவாரியாக ஒழுங்காகப் போகும். அவர் நேர்மையானவர், தன்னைப் பற்றியும் மறைக்காமல் எழுதுவார். வேடிக்கையும் அவரிடம் உண்டு. ஆனால் அவர் பதிவுக்கு மையம் சொல்லப்பட்ட வார்த்தை.

நாகம்மாவின் பதிவுக்கு மையம் அந்த வார்த்தை சொல்லப்பட்ட சூழ்நிலை. யார் எந்த முகத்தோடு வந்தார்கள், கேட்க வந்ததைக் கேட்காமல் ஏன் போனார்கள், பதில் கிடைத்ததும் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று போகும். பழைய கதைகளை ரமணர் சொல்வதும் நாகம்மாவிடம் விரிவாக வருகிறது. மலைமேல் இருந்த காலத்தில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டியின் கதை ஓர் உதாரணம். அந்தப் பாட்டிதான் பசு லட்சுமியாகத் திரும்பி வந்தாள் என்று ஆசிரமத்தில் பலர் நம்பினார்கள். அந்தப் பசு 1948 ஜூனில் இறந்தபோது ரமணர் அதன் சமாதிக்காகத் தமிழில் ஒரு வெண்பா எழுதிக் கொடுத்தார். சமாதியை இன்றும் ஆசிரமத்தில் பார்க்கலாம். மறுபிறப்பை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனால் ஒரு துறவிக்குக் கீரை கொடுத்த ஏழைப் பெண்ணின் நினைவை ஒரு சமூகம் ஐம்பது வருடம் எப்படித் தூக்கிச் சுமந்தது என்பது வரலாற்று விஷயம். அதற்கான சான்றுகளில் முக்கியமானவை இந்தக் கடிதங்கள்.

எது சரி, எது உயர்ந்தது என்று கேட்டால் கேள்வியே தப்பு என்பேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஹாலைக் கற்பனை செய்தால், பாதி ஹால்தான் கிடைக்கும்.

கத்திரிக்காய்க் காம்பு

இப்போது சமையற்கட்டுக்கு வருவோம். சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் ஆகியோரின் நினைவுகள் 1980இல் ரமணரின் நூற்றாண்டை ஒட்டி வெளிவந்த 'ரமண ஸ்ம்ருதி' மலரில் ஆங்கிலத்தில் இடம்பெற்றன. அதற்குப் பிறகு பல மொழிகளில் போய்ச் சேர்ந்தன.

ரமணர் பல வருடம் விடியற்காலையிலேயே சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்குவார், அரைப்பார், தாளிப்பார். இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் அங்கே எப்படி நடந்துகொண்டார் என்பது கூட நின்ற பெண்கள் சொன்னால்தானே தெரியும். சம்பூர்ணம்மாள் சொல்வதில் ஒரு சம்பவம். எங்கிருந்தோ கத்திரிக்காய் மூட்டையாக வந்துவிட்டது. தினமும் கத்திரிக்காய்தான். காம்புகள் மட்டும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. அதைக் கூட்டு வைக்கச் சொல்கிறார் ரமணர். மாடு கூடத் தின்னாதே என்று இந்தம்மாவுக்குத் திகைப்பு. பட்டாணியோடு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க வைத்தும் காம்பு கல் மாதிரியே இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, வயிற்றில் புளி கரைக்கிறது. ஆனால் பரிமாறியபோது எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்களாம்.

இதை அற்புதமாகப் படிக்கிறவர்கள் உண்டு. சிக்கனப் பாடமாகப் படிக்கிறவர்களும் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பதைப்பு. சமைக்கிறவருக்குத்தான் பந்தி உட்காரும் நேரத்தைப் பற்றிய பயம் தெரியும். ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைக்கு ஒரு புதுக் கூட்டு வந்தது, அவ்வளவுதான் தெரியும். அந்த மணிக்கணக்கை அனுபவித்தவர் ஒரே ஆள், அவர் சொல்லாமல் போயிருந்தால் அது இல்லவே இல்லை.

இந்தப் பெண்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப ஓர் இழுபறி வருகிறது. வந்தது தியானத்துக்கு, மாட்டிக்கொண்டது அடுப்படியில். புருஷன் வீட்டில் சமைத்தது போதாதென்று இங்கேயும் சமையலா? ஹாலில் உட்காரணும், அவர் சொல்வதைக் கேட்கணும் என்ற ஆசை. ஆனால் போகப்போக, ஹாலில் கிடைக்காத நெருக்கம் சமையற்கட்டில்தான் கிடைத்தது என்று அவர்களே சொல்கிறார்கள். திட்டு வாங்கியது, உப்பு அதிகமானது, சிந்திய தானியத்தைப் பொறுக்கச் சொன்னது எல்லாம் அந்த நெருக்கத்தின் அடையாளமாக வருகின்றன. இதை அப்படியே ஏற்பதா, அல்லது வேறு வழியில்லாத பெண் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமாகப் பார்ப்பதா? இரண்டில் ஒன்று என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. குறிப்புகளில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அவர்கள் ஆரம்பத் தயக்கத்தை மறைக்காமல் சொன்னதுதான் பெரிய விஷயம்.

ரமணர் பக்கத்திலிருந்தும் ஓர் இணைப்பு உண்டு. விரூபாட்ச குகைக் காலத்தில் அம்மா அப்பளம் இடக் கூப்பிட்டபோது, உதவிக்குப் போகாமல் மகன் பாடிக் கொடுத்ததுதான் 'அப்பளப் பாட்டு'. உளுந்து, உப்பு, உலக்கை, நெய் எல்லாவற்றையும் வேதாந்தமாக மாற்றிய பாட்டு. அடுப்படிச் சொற்களில் தத்துவம் சொல்லலாம் என்பதை அந்த வட்டம் ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்தது.

யார் கை எழுதியது?

இனிமேல்தான் ஆராய்ச்சிக்காரனின் கவலை. நாகம்மா எழுதினார், சரி. சமையற்கட்டுப் பெண்கள் சொன்னார்கள். சொன்னதை வேறொருவர் எழுதினார். அது ஆங்கிலத்துக்குப் போனது. அங்கிருந்து நமக்கு வருகிறது. அப்படியென்றால் நாம் படிப்பது யாருடைய நடை?

இந்த இடத்தில் ஒரு சுவாரசியமான மனிதர் வருகிறார். தெலுங்கு எழுத்தாளர் குடிபாடி வெங்கடசலம், சலம் என்றால்தான் தெலுங்குக்காரர்களுக்குத் தெரியும். பெண்ணின் சுதந்திரத்தையும் உடலையும் பற்றி வெளிப்படையாக எழுதி ஆந்திராவையே கலக்கியவர். அவர் 1950இல் மகள் சௌரீஸோடும் குடும்பத்தோடும் திருவண்ணாமலைக்கு வந்து, 1979இல் சாகும் வரை இங்கேயே இருந்தார். ரமணரின் பக்தர்களிடம் நினைவுகளைக் கேட்டுத் தெலுங்கில் 'பகவான் ஸ்ம்ருதுலு' என்று தொகுத்தார். வாழ்நாள் முழுக்கப் பெண்களைப் பற்றி எழுதியவர் கடைசியில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

சொல்லி எழுதுவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. தமிழில் நமக்கே பெரிய உதாரணம் இருக்கு. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர், நாகம்மாவைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அவருடைய முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அப்போது கோதைநாயகிக்குச் சரளமாக எழுத வராது. 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல் எழுதியது அதற்குப் பிறகு. அவரை யாரும் எழுத்தாளர் இல்லை என்று சொல்வதில்லை. வங்காளத்தில் ராசசுந்தரி தேவி சமையற்கட்டில் ஒளித்து வைத்த ஏட்டுப் பக்கத்தைப் பார்த்துத் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்றுக்கொண்டவர். 1876இல் அவர் எழுதிய 'ஆமார் ஜீபன்'தான் வங்காள மொழியின் முதல் தன்வரலாறு என்கிறார்கள். எழுத்துக்கு முன்னால் அடுப்படி என்பது நம் நாட்டுப் பெண்களுக்குப் பொதுவான பாதை. ராமநாதபுரத்துச் சாந்தம்மாள் அந்தப் பாதையில் பேச்சு வரைக்கும் வந்தார், எழுத்தை மற்றவர் கை முடித்து வைத்தது. அதனால் அது அவருடைய படைப்பு இல்லாமல் போய்விடாது.

ஆனால் படிக்கிறவருக்குச் சில கேள்விகள் கையில் இருக்கணும். நான் பயன்படுத்துகிற மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு காலம்? நாகம்மாவுக்கு நாள் கணக்கு. மற்றவர்களுக்குப் பத்தாண்டுகளின் கணக்கு. கனகம்மாளும் முதுமையில் திரும்பிப் பார்த்து எழுதியவர்தான். காலம் கூடக்கூடச் சம்பவம் வழவழப்பாகும், முடிவில் ஒரு நீதி வந்து உட்காரும். கத்திரிக்காய்க் காம்பு மாதிரி அந்தப் பதைப்பு கரையாமல் மிஞ்சியிருந்தால் அந்த இடத்தை நம்பலாம் என்பது என் கணக்கு.

இரண்டு, எத்தனை மொழி தாண்டி வந்தது? நாகம்மாவின் கடிதங்களை ஆங்கிலத்தில் படித்தால், தெலுங்கில் அவர் எழுதியதை அவர் சகோதரரே ஆங்கிலமாக்கியதைப் படிக்கிறீர்கள். கடிதத்தைப் பெற்றவரே மொழிபெயர்ப்பாளர். ரமணர் பேசியது தமிழாகவும் இருக்கலாம், தெலுங்காகவும் இருக்கலாம், அவருக்கு இரண்டும் வரும், மலையாளமும் வரும். தமிழில் நாம் படிக்கும்போது சில வாக்கியங்கள் தமிழிலிருந்து கிளம்பி ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவை. அதனால் ரமணர் சொன்னதாக வரும் வரியை எழுத்துப் பிசகாமல் அவர் வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று, யார் குரல் இல்லை? எச்சம்மாளும் முதலியார் பாட்டியும் நாற்பது வருடம் சோறு சுமந்தவர்கள். ஆனால் அவர்கள் எழுதிய நூல் என்று எதுவும் கிடையாது. எச்சம்மாள் கதை 1931இல் நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதிய ரமணர் வாழ்க்கை வரலாற்றிலேயே வருகிறது, ஆனால் மற்றவர் பார்வையில். ஆசிரமச் சமையலைச் செய்தவர்கள் பிராமண விதவைகள். பந்தியில் ஆசாரம் பார்க்கும் பிராமணர்களுக்குத் தனி வரிசையும், நடுவில் மறைப்பும் இருந்தது. ரமணர் இரண்டு பக்கத்துக்கும் தெரியும்படி உட்காருவார். ஆக, சமையற்கட்டு நினைவு என்பதிலும் உள்ளே போக அனுமதி இருந்தவர்களின் நினைவுதான் சேர்ந்திருக்கிறது. கல்லும் மண்ணும் சுமந்து கட்டடம் எழுப்பிய கூலிப் பெண்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு இல்லை. இருக்கிற குறிப்புகளின் மதிப்பை இது குறைக்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

இந்த வரிசையைப் படிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. முதலில் நாகம்மாவின் கடிதங்களில் 1945 நவம்பர் முதல் 1946 முடிய உள்ள பகுதி. தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தினம் ஒன்றிரண்டு கடிதம் போதும், ஒவ்வொன்றும் சில பக்கம்தான். பக்கத்திலேயே தேவராஜ முதலியாரின் அதே மாதங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே நாள் வரும் இடங்களில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். பிறகு சமையற்கட்டுப் பெண்களின் குறிப்புகள். கடைசியாகக் கனகம்மாளின் 'நினைவில் நிறைந்தவை'. இந்த வரிசையில் நேராகத் தமிழிலேயே எழுதப்பட்ட நூல் அது என்பதால், மற்றவற்றில் மொழிபெயர்ப்பில் எது கரைந்து போயிருக்கும் என்று அதைப் படிக்கும்போது தெரியும்.

திருவண்ணாமலையில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 1950 ஏப்ரலில் ரமணர் இறந்தபோது பத்து வயது இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஊரில், கோயில் தெருக்களிலும் மலையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பாத்திரம் தேய்த்தவர், பூ கட்டிக் கொடுத்தவர், தயிர் விற்றவர் என்று அவர்கள் பார்த்த ஆசிரமம் வேறாக இருக்கும். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி யாராவது இருந்தால், கைபேசியில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அன்றைக்கு என்ன சமைத்தீங்க பாட்டி என்று ஆரம்பியுங்கள். தத்துவத்தில் ஆரம்பித்தால் பேசமாட்டார்கள். சமையலில் ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வரும். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் ஊரையும் சொல்ல மறக்காதீங்க. பின்னால் வருகிறவனுக்கு அதுதான் முதலில் வேண்டியிருக்கும்.